அடி ஈரம்: ஏரியோர வயல்களில் வைக்கோலைக் காப்பது

தை பிறந்து அறுப்பு முடிந்ததும் ஏரியோரத்து வயலில் பரந்து கிடக்கும் வைக்கோல் மேலுக்குப் பொன்னாகத்தான் தெரியும். ஒரு பிடி அள்ளிப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் கறுத்து, வழவழத்து, புளித்த வாடை அடிக்கும். மழை நின்று பல நாள் ஆகியிருக்கும். வானத்தின் மேல் பழி போட வழி இருக்காது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வைக்கோல் கெடுவதில் மழைக்கு ஒரு பங்குதான். பெரிய பங்கு தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு. மழைக்குப் பயந்து எல்லோரும் தார்ப்பாய் வாங்கி வைக்கிறார்கள். அடி ஈரத்துக்காக நாலு சவுக்குக் கம்பு வாங்கிப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தார்ப்பாயைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கம்பைப் பற்றி நிறைய இருக்கிறது.

வயல் ஏன் காய்வதில்லை

கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடப்பது மணல் திட்டு. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவர் ஊர்கள் அந்த மணல் மேல் இருக்கின்றன. அங்கே எவ்வளவு பெய்தாலும் மணல் குடித்துவிடும். நெல் வயல்கள் இருப்பது ஏரிக்கு மேற்கிலும் தெற்கிலும், பொன்னேரிப் பக்கம். தாழ்ந்த நிலம், களிமண், பல இடங்களில் உவர். களிமண் தண்ணீரைச் சுலபத்தில் விடாது. விட்டாலும் அது போக ஓர் இடம் வேண்டும். ஆரணி ஆறும் பக்கத்து ஓடைகளும் வடிவது ஏரியில். ஏரி வடிவது முகத்துவாரம் வழியாகக் கடலில். முகத்துவாரம் மணல் அடைத்துக் குறுகிப்போனால் ஏரி மட்டம் இறங்காது. ஏரி இறங்காவிட்டால் வயல் வடிகால் ஓடாது. மண்ணுக்குக் கீழே கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். மேலே வெயில் உறைக்கும், மண் பாளம் கூட வெடிக்கும். அதன் மேல் வைக்கோலைப் பரப்பி இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தால் அடியில் மண் மறுபடி கறுத்திருக்கும்.

முகத்துவாரம் தூர்ந்தால் அது படகுக்காரர் பிரச்சினை என்று வயல்காரர்கள் நினைப்பதுண்டு. அது உங்கள் பிரச்சினையும்தான். அறுப்புக்கு நாள் குறிக்கும் முன்பு மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஒருவரைப் பார்த்து, “அண்ணே, முகத்துவாரத்துல தண்ணி இறங்குதா, நிக்குதா?” என்று கேட்டுவிடுங்கள். ‘நிக்குது’ என்று பதில் வந்தால் வயலிலேயே வைக்கோலைக் காயவைக்கும் எண்ணத்தை அந்த வருஷம் கைவிடுங்கள்.

இன்னொரு காரணம் உப்பு. உவர் மண் ஒட்டிய தாளும், சேறு தெறித்த அடித்தண்டும் உப்பைச் சுமந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீர்விடத் தொடங்கும். கடற்கரையில் அநேகமாக எல்லா இரவுகளிலும் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அதனால் பகலெல்லாம் காய்ந்த உப்பு வைக்கோல் இரவில் திரும்ப நமத்துவிடும். ஒரு தாளை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தக் கட்டை நீண்ட நாள் போரில் வைக்க வேண்டாம், முதலில் தீர்த்துவிடுங்கள்.

எந்தப் போகத்து வைக்கோல்

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். மூன்றின் வைக்கோலும் ஒன்றல்ல.

நவரை சித்திரை வாக்கில் அறுப்புக்கு வரும். வெயில் கொளுத்தும், மண் வறண்டிருக்கும். வருஷம் முழுக்க வைக்கத் தகுந்த வைக்கோல் இதுதான். ஏரியோரத்தில் பல வயல்களில் நவரைக்கு நல்ல தண்ணீர் இருக்காது. ஆகவே உள்ளே தள்ளி, நவரை வைக்கிற ஊர்களில் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, கெட்டுப்போகும் பங்கைக் கழித்துப் பார்த்தால் மலிவுதான்.

சொர்ணவாரி ஆவணி, புரட்டாசியில் அறுப்பு. பகலில் புழுக்கம், சாயங்காலம் இடியோடு மழை. இந்த வைக்கோலை வருஷத்துக்கு வைக்க ஆசைப்படாதீர்கள். கிடைத்ததைப் பச்சையாகவும் அரைக் காய்ச்சலாகவும் மாட்டுக்குப் போட்டுத் தீர்ப்பது நல்லது. அல்லது பின்னால் சொல்லும் யூரியா முறைக்கு அனுப்புங்கள்.

சம்பாதான் அளவில் அதிகம், தலைவலியும் அதிகம். மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையை இந்தப் பக்கத்து யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி வருஷத்தில் தை மாதத்திலும் வயல் சொதசொதவென்றுதான் இருக்கும். போதாததற்குப் பருவம் முடிந்ததாக நினைக்கும்போது ஒரு மழை வரும். 2021 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் வந்து, பொங்கலுக்கு அறுக்க நின்ற நெல்லைச் சாய்த்தது. சாய்ந்த பயிரின் வைக்கோல் பாதி சேறு. ஏரியோரத்துக்கு விதை வாங்கும்போது நெல் விளைச்சலை மட்டும் கேட்காமல், சாயாமல் நிற்குமா என்றும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

அறுப்புக்கு முன்னால்

வைக்கோல் வேலை அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பிக்கிறது. கதிர் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீர் கட்டுவதை நிறுத்தி, தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி மடை திறந்துவிடுங்கள். களிமண்ணுக்கு 10 நாள் போதாது, 15 நாள் கொடுங்கள். வயலுக்குள் 5, 6 மீட்டருக்கு ஒரு வாய்க்கால், மண்வெட்டி அகலம், ஒரு சாண் ஆழம் இழுத்துவிட்டால் மேல் மண்ணாவது இறுகும். வடிகால் வாய் ஏரி மட்டத்தில் இருக்கும் வயலில் கடல் ஏறும் நேரம் தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். வாயில் ஒரு பலகையைச் செருகி வையுங்கள்; தண்ணீர் இறங்கும் நேரம் தூக்கி, ஏறும் நேரம் போட வேண்டும். இது அலுப்பான வேலை. ஆனால் உப்புத் தண்ணீர் ஒரு தரம் உள்ளே வந்துவிட்டால் வைக்கோலோடு நிற்காது, அடுத்த போகத்தையும் கேட்கும்.

அறுவடை வண்டி பேசும்போது ஈர வயலுக்கு டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி சொல்லுங்கள். டயர் பள்ளத்தில் விழும் வைக்கோல் சேற்றில் மிதிபட்டுத் தொலைந்துபோகும். அதைவிட முக்கியமாக, அறுக்கும் உயரத்தை ஓட்டுநரிடம் முதல் சாலிலேயே பேசிவிடுங்கள். ஈர மண்ணில் அடிக்கட்டையை ஒரு சாணுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரைச் சாண் விட்டு அறுக்கச் சொல்ல வேண்டும். அப்போது வண்டி பின்னால் தள்ளும் வைக்கோல் அந்தக் கட்டைகளின் மேல் தங்கும். அடியில் காற்று ஓடும். தாளில் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் விட்டுவைக்கும் அந்த அடித்தண்டு எப்படியும் சேறும் உப்புமாக இருப்பது, மாடு ஒதுக்கிவைப்பது. ‘ஒட்ட அறு’ என்று நின்று மிரட்டுகிறவர்கள் சேற்றைத்தான் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

இதைக் குப்பத்தில் கருவாடு போடுகிறவர்களிடம் விளக்க வேண்டியதே இல்லை. மணலில் கொட்டிய மீன் ஒரு பக்கம் காயும், மறுபக்கம் வியர்க்கும். உயரக் கட்டிய வலை மேல் பரப்பிய மீன் இரண்டு பக்கமும் காயும். வைக்கோலும் அப்படித்தான்.

காயவைக்கும் நேரம்

அறுத்த அன்று தாளின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். கதிர் முற்றியும் தண்டு பச்சையாக நிற்கும் இன்றைய ரகங்களில் இன்னும் கூட. கை அறுப்புக் காலத்தில் அரி போட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, மறுபடி உதறுவதற்குள் பாதி காய்ந்துவிடும். வண்டி அறுப்பில் அந்த நாட்கள் இல்லாமல் போயின. அந்த நாட்களை நாம்தான் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மார்கழி, தை, மாசியில் பனி உண்டு. காலை 9 மணிக்கு முன் வைக்கோலைத் தொடாதீர்கள். பனி ஆறியபின் 10 மணி வாக்கில் கவைக்கோலால் ஒருமுறை புரட்டுங்கள், மதியம் ஒருமுறை. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். அதில் ஈரம் இருந்தாலும் வேகம் இருக்கிறது. மெல்லிசாகப் பரப்பியிருந்தால் வேகம் ஈரத்தை வென்றுவிடும், குவிந்து கிடந்தால் வெல்லாது. சாயங்காலம் 4 மணிக்குள் இடுப்பளவுச் சிறு குவியல்களாகக் கூட்டிவிடுங்கள். பனி குவியலின் மேல்தோலில் மட்டும் படும். பரப்பியபடியே விட்டால் பகலில் காய்ந்ததில் பாதியை இரவு வாங்கிக்கொள்ளும்.

வயல் மிதித்தால் கால் புதைகிறது என்றால் புரட்டலெல்லாம் வீண். பக்கத்து மேட்டுக்கு, ரோட்டோரக் களத்துக்கு, வசதி இருந்தால் மணல் பாங்கான தோப்புக்குத் தூக்கிவிடுங்கள். மணலில் நேரே பரப்ப வேண்டாம். தாளோடு மணலும் மாட்டு வயிற்றுக்குள் போகும். கீழே பழைய வலையோ பாயோ விரியுங்கள். இடம் இல்லாதவர்கள் மூன்று சவுக்குக் கம்புகளைத் தலையில் கட்டி முக்காலியாக நிறுத்தி, இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டி அதன் மேல் வைக்கோலைத் தொங்கவிடலாம். உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும், அதுதான் புகைபோக்கி. மூட்டமான வாரத்திலும் இது காயும், கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்

கட்டு கட்டும் வண்டிக்காரருக்கு அடுத்த வயல் காத்திருக்கும். “கட்டிரலாமா அண்ணே?” என்று அவசரப்படுத்துவார். தலையாட்டுவதற்கு முன் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் புரி முறுக்குங்கள். கணுக்கள் நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் காயவில்லை. கணுதான் கடைசியில் காய்வது. தாளைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

சந்தேகம் தீரவில்லையென்றால் வீட்டுச் சோதனை இரண்டு. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு வைக்கோலைச் சிறு துண்டாக வெட்டிப் போட்டு, ஒரு கரண்டி தூள் உப்பைச் சேர்த்து, மூடி இறுக்கி இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே. பாட்டில் சுவரில் ஒட்டி, கட்டி கட்டினால் மேலே. இந்த ஊர்க் காற்றில் உப்பே நமத்திருக்கும். ஆகவே உப்பை முதலில் வாணலியில் வறுத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். இரண்டாவது முறை இன்னும் துல்லியம். சமையல் தராசில் 100 கிராம் எடுத்து, தோசைக்கல்லில் சிறு தீயில் கருகாமல் புரட்டி, எடை இனிமேல் குறையாது என்கிற வரை வறட்டுங்கள். 86 கிராமில் நின்றால் ஈரம் 14 சதவீதம்.

கட்டாக இறுக்குவதற்கு 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உதிரியாகப் போர் போட 18 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் இருப்பதைக் கட்ட வேண்டாம். உருளைக்கட்டு வெளியே பளபளவென்று இருந்து நடுவில் பூஞ்சை பிடித்துப் பூத்துப்போய்க் கிடக்கும், அவிழ்க்கும் வரை தெரியாது.

காயாமல் போனால்: யூரியா

மழை விடவே இல்லை, வைக்கோல் 25, 30 சதவீத ஈரத்தில் நிற்கிறது, ஆனால் பூஞ்சை இன்னும் பிடிக்கவில்லை. இந்த நிலையில் யூரியா கைகொடுக்கும். யூரியா சிதைந்து வரும் அம்மோனியா பூஞ்சையைத் தடுக்கும். 3, 4 சதவீதமாக இருக்கும் புரதத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும்.

காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான கணக்கு. ஈர வைக்கோலுக்கு அதையே செய்தால் ஊறி அழுகிவிடும். 30 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் உண்மையான தாள் 70 கிலோதான். தண்ணீர் ஏற்கெனவே 30 லிட்டர் இருக்கிறது. அதற்கு 3 கிலோ யூரியாவை 15 முதல் 20 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் போதும். அடுக்கடுக்காகத் தெளித்து, நன்றாக மிதித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களைச் சேறு போட்டு அடைத்து 21 நாள் விடுங்கள். பிரித்ததும் கண்ணில் எரியும் வாடை வரும். தேவையான அளவை எடுத்துச் சில மணி நேரம் காற்றாட விட்டுப் பிறகு போடுங்கள். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது. கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. யூரியாத் தண்ணீர் குடித்த மாடு பிழைப்பது அரிது.

போர்

இடம் முதலில். மழைத் தண்ணீர் தேங்கிய தடம் தெரியாத மேடு வேண்டும். சமையல்கட்டிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் தீ தாவாத தூரம் வேண்டும். தரையில் பனைத்துண்டு அல்லது கல் வைத்து, அதன் மேல் சவுக்குக் கம்புகளை நெருக்கமாகப் பரப்பி, ஒன்றரை அடி உயரத்தில் மேடை கட்டுங்கள். மேடைக்கும் தரைக்கும் நடுவே காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கே உரமூட்டையும் விறகும் அடுக்கிவைத்தால் மேடை கட்டியதே வீண். சுற்றிலும் சிறு வாய்க்கால். போரின் குறுகிய முகம் வடகிழக்கைப் பார்க்கட்டும்; வாடையோடு வரும் சாரல் அங்கிருந்துதான் அடிக்கும். அடுக்கும்போது நடு எப்போதும் ஓரத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். நடு அமுங்கிய போர் மழையை உள்ளே இழுக்கும்.

மூடுவதற்குப் பனை ஓலையும் கோரையும் தார்ப்பாயைவிட நல்லவை, வியர்க்காது. தார்ப்பாய்தான் என்றால் உச்சியை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். காற்றுக்குப் பிடிப்பாக மேலே பழைய வலையைப் போர்த்தி, ஓரத்தில் மணல் மூட்டை கட்டலாம். இந்தக் கரையில் பழைய வலைக்கா பஞ்சம்! ஒரு எச்சரிக்கை: நைந்து நூல் உதிரும் வலை வேண்டாம். நைலான் நூல் தாளோடு உள்ளே போனால் செரிக்காது, வெளியேயும் வராது. இரைப்பையில் பந்தாகச் சுருண்டு மாட்டைக் கொல்லும். வலையை முழுசாக எடுத்த பிறகே வைக்கோலை உருவுங்கள்.

போர் போட்ட முதல் ஒரு மாதம் கவனம் வேண்டும். கடப்பாரையை நடுவில் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே புழுங்குகிறது. பக்கத்தில் தண்ணீர் தயாராக வைத்துக்கொண்டு பிரித்துப் போடுங்கள். நெல் வைக்கோல் தானாகத் தீப்பிடிப்பது அபூர்வம், பூத்துப்போவது சர்வ சாதாரணம்.

பூத்த வைக்கோல்

‘மாடு தின்னுதே, என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 1930களில் இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், டேக் நாலா என்ற ஓடையோரத்துத் தாழ்ந்த நெல் வயல்களில் எருமைகளுக்குக் கால், வால், காது நுனிகள் வீங்கி, காய்ந்து, அழுகி விழுந்தன. அந்த ஓடையின் பெயராலேயே நோய்க்கு டெக்னாலா என்று பெயர் வந்தது. பூஞ்சை பிடித்த நெல் வைக்கோலோடு அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். பனிக்காலத்தில், ஈர வைக்கோல் தின்னும் மாடுகளில்தான் அதிகம். வட இந்திய மாநிலங்களிலும் பார்த்திருக்கிறார்கள். மாடு நொண்டி, குளம்புக்கு மேல் வீக்கமும் வால் நுனியில் வறட்சியும் தெரிந்தால் அந்தப் போரை உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும். சந்தேகமான தீவனத்தை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் சோதிக்கலாம். மாதவரத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்திலும் வழி கேட்கலாம். பூத்ததை மாட்டுக்குப் படுக்கையாகவும் போடாதீர்கள், படுக்கையைத் தின்னாத மாடு இல்லை. எருக்குழிக்குத்தான். உதறும்போது மூக்கைத் துணியால் கட்டுங்கள். அந்தத் தூசி மனிதருக்கும் நெஞ்சை அடைத்துக் காய்ச்சல் கொடுக்கும்.

உப்பு வைக்கோலும் உப்புத் தண்ணீரும்

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது 1960களிலிருந்தே பேசப்படும் விஷயம். கரிக்கும் வைக்கோலைத் தின்ற மாடு கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அந்தத் தண்ணீரும் கரித்தால் தீவனமே எடுக்காது. டி.டி.எஸ். மீட்டரில் லிட்டருக்கு 3000 மில்லிகிராம் வரை கவலை இல்லை. 5000 தாண்டினால் கறவைக்கும் சினைக்கும் வேண்டாம், 7000 தாண்டினால் எந்த மாட்டுக்கும் வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகளில் தவிட்டில் உப்புப் போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, உப்புச் சேராத தாது உப்புக் கலவையை நாளைக்கு 30 முதல் 50 கிராம் கொடுங்கள். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடுவதால் அந்தக் கலவை எப்படியும் தேவை.

எப்போதும் காயாத வயல்

எத்தனை வாய்க்கால் இழுத்தாலும் மாசி வரை தண்ணீர் நிற்கும் துண்டு ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதில் வைக்கோலுக்காக மல்லுக்கட்டாமல் நீர்ப்புல் வையுங்கள். எருமைப்புல் என்றும் சொல்வார்கள். கம்பு நேப்பியர் தேங்கிய தண்ணீரில் செத்துப்போகும், இது அதில்தான் தழைக்கும், மிதமான உவரையும் பொறுக்கும். மூன்று கணு உள்ள தண்டுகளைச் சேற்றில் செருகினால் போதும். 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40, 45 நாளுக்கு ஒன்று. தண்டு தடிமன் என்பதால் இதைக் காயவைத்துச் சேர்க்க நினைக்க வேண்டாம். அன்றன்று அறுத்து, வைக்கோலோடு கலந்து அன்றன்றே போடுங்கள். முதல் அறுப்பை முட்டிக்கால் உயரத்துக்கு மேல் வளரவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே வெட்டுங்கள். தண்ணீருக்குள் போகும்படி ஒட்ட வெட்டினால் தூர் அழுகிவிடும்.